தபாற்செலவும் அடக்க விலையும்

ஒரே பொருளை உள்நாட்டு வியாபாரி ஒரு விலைக்கும் வெளிநாட்டு வியாபாரி வேறொரு விலைக்கும் இணையத்தில் விற்பதைக் காணும் வாசகர், எது மலிவு என்று நிர்ணயிக்க முற்படும்போது முதலில் பொருளின் விலையைப் பார்க்கிறார். அடுத்துத் தபாற்செலவைப் பார்க்கிறார். இரண்டையும் கூட்டியதும் காரியம் முடிந்ததாகக் கருதிப் பணத்தைச் செலுத்திவிடுகிறார். உள்நாட்டுக் கொள்முதலுக்கு இந்தக் கூட்டல் பெரும்பாலும் போதுமானதே. ஆனால் பொருள் கடல் கடந்து வருவதாயின், தபாற்செலவுக்கு அப்பால் சுங்கத் தீர்வை, நாணய மாற்றுக் கழிவு, சுங்கத்தில் விடுவித்துக் கொடுப்பதற்கான கட்டணம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்து, முதலில் மலிவாகத் தோன்றியதை முடிவில் கிராக்கியாக்கிவிடக் கூடும். கடைக்காரர்கள் சரக்கின் கொள்முதல் விலையோடு வண்டிக்கூலி, ஏற்றுகூலி, வரி முதலியவற்றையெல்லாம் சேர்த்து அடக்க விலை காண்பது வழக்கம். வீட்டிலிருந்தபடியே உலகச் சந்தையில் வாங்கும் நாமும் அந்த வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் வற்புறுத்தும் விஷயம். புத்தகங்களையே முக்கிய உதாரணமாகக் கொண்டு அதற்குரிய முறையை இங்கே விளக்குகிறோம்.

தபாற்செலவு நிர்ணயமாகும் விதம்

தூரம் அதிகமானால் செலவும் அதிகமாகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தபாலின் சரித்திரம் இதை முழுவதும் ஆதரிக்கவில்லை. கடிதத்துக்குத் தாள் எண்ணிக்கையையும் தூரத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் வசூலித்துவந்த இங்கிலாந்தில், ரோலண்ட் ஹில் என்பவர் ஆராய்ந்து பார்த்து, கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு அற்பமென்றும், அதை வாங்கிப் பதிந்து பிரித்து வீட்டில் கொண்டு சேர்க்கும் செலவே பெரிதென்றும் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1840-இல் அரை அவுன்ஸ் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் செல்லலாயிற்று. இந்தியாவிலும் 1854-இல் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்குத் தூரபேதமின்றி அரையணா என்ற விதி ஏற்பட்டது. இன்றைக்கும் 2025 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தில், 50 கிராம் வரையுள்ள உறைக்கு, உள்ளூரானால் 19 ரூபாய், வெளியூரானால் அது செங்கற்பட்டாயினும் ஸ்ரீநகராயினும் 47 ரூபாய், இவற்றோடு வரி என்று விதித்திருப்பதில் அந்தப் பழைய கொள்கையின் சாயலைக் காணலாம். எடை கூடும்போதுதான் தூரமும் கணக்கில் புகுகிறது.

வெளிநாட்டுத் தபாலில் இரண்டு தேசங்களின் தபால் இலாகாக்கள் பங்குகொள்கின்றன: அனுப்பும் நாடு பொருளை ஏற்றுக் கடல் கடத்துகிறது, பெறும் நாடு அதை வாங்கி வீட்டு வாசலில் சேர்க்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமாக 1874-இல் பெர்ன் நகரில் உருவான சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் இந்தியா 1876-இல் சேர்ந்தது. பெறும் நாட்டின் சிரமத்துக்காக அனுப்பும் நாடு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்ற முறை 1971 முதல் நடந்துவருகிறது. வளரும் நாடுகளுக்கு அத்தொகை நெடுங்காலம் குறைவாகவே இருந்தமையால், சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு சிறு பொட்டலம் அனுப்பும் செலவு, அமெரிக்காவுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்பும் செலவைவிடக் குறைந்திருந்த விபரீதமும் நேர்ந்தது. அமெரிக்கா ஒன்றியத்தை விட்டு விலகப் போவதாக அறிவித்ததும், 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் கூடிய விசேஷ மாநாட்டில் சமரசம் ஏற்பட்டதும், 2020 ஜூலை முதல் அந்நாடு தன் கட்டணத்தைத் தானே அறிவித்துக்கொள்ள அனுமதி பெற்றதும் இதன் தொடர்ச்சியே.

இச்சரித்திரத்திலிருந்து நாம் பெறும் பாடம், வெளிநாட்டுத் தபாற்செலவை ஊகத்தால் அறிய முடியாது என்பதாகும். அது தேசப்படத்தில் உள்ள தூரத்தை மட்டும் அனுசரிப்பதில்லை. அரசாங்கங்களின் உடன்படிக்கைகளையும் விற்பவர் தேர்ந்தெடுத்த மார்க்கத்தையும் அனுசரிக்கிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் விற்பவரின் பக்கத்தில் நம் பின்கோட்டை இட்டு, வரும் தொகையைக் குறித்துக்கொள்வதே சரியான வழி.

எடையும் பருமனும்

தபாற்செலவு படிப்படியாக உயரும் தன்மையுடையது. ஒரு படியின் எல்லையை ஐந்து கிராம் தாண்டினாலும் அடுத்த படிக்குரிய கட்டணம் முழுவதும் விழுந்துவிடும். புத்தகத்தின் எடை 480 கிராம் என்று போட்டிருந்தால் 500 கிராம் படியில் அடங்கிவிடும் என்று நம்பலாகாது. அட்டைப்பெட்டியும் குமிழ் உறையும் சேர்ந்தால் அது அடுத்த படிக்கு ஏறிவிடும். சர்வதேசத் தபாலில் 'சிறு பாக்கெட்' என்ற வகைக்கு எல்லை 2 கிலோ. அச்சிட்ட புத்தகங்களுக்கு 5 கிலோ வரை இடமுண்டு. 2 கிலோவைத் தாண்டிய இதர சாமான்கள் பார்சல் வகைக்குச் சென்று கட்டணம் வெகுவாக உயரும் என்பதால், சற்றே எல்லை மீறும் ஆர்டரை இரண்டாகப் பிரிப்பது சில வேளைகளில் லாபமாக முடிவதுண்டு.

கூரியர் நிறுவனங்களின் வழக்கம் வேறு. அவை தராசில் காணும் எடையோடு, பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தையும் எடையாக மாற்றி, இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் கிடைப்பது கிலோவில் பரும எடை; சர்வதேசக் கூரியரில் பெரும்பாலும் இந்த வகுக்கும் எண்ணே வழக்கில் உள்ளது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையொன்றை உடையாதபடி வைக்கோலும் காகிதமும் இட்டு 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரமுள்ள பெட்டியில் அடைத்தால், அதன் மெய்யான எடை ஒரு கிலோவாக இருந்தாலும், கூரியர்காரர் கணக்கில் அது 4.8 கிலோ. புத்தகம் போன்ற கனத்த, அடக்கமான பொருள்களுக்கு இவ்விதியால் பாதகமில்லை. பொம்மை, விளக்கு, கூடை, தலையணை போன்றவற்றுக்கே இது பெருஞ்சுமை. அவற்றைக் கூடுமானவரை உள்நாட்டிலேயே வாங்குவது உசிதம்.

உள்நாட்டில் புத்தகம் வாங்குவோருக்கு மற்றொரு சௌகரியமும் உண்டு. 2025 மே முதல் தேதி தபால் இலாகா தொடங்கிய 'ஞான் போஸ்ட்' என்ற சேவையில், 300 கிராம் வரை 20 ரூபாயும், 5 கிலோ வரை 100 ரூபாயும், இவற்றோடு வரியும் செலுத்தினால் கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்கள் தரை மார்க்கமாகச் செல்லும். போகும் வழியை இணையத்தில் பார்க்கவும் முடியும். வணிக நோக்குள்ள வெளியீடுகளும் காலமுறை இதழ்களும் இதில் சேரா. சிறு பதிப்பகத்தாரிடம் நேரே வாங்கும்போது இச்சேவையில் அனுப்ப இயலுமா என்று கேட்டுப் பார்ப்பது நலம்.

தபாற்செலவு இல்லை என்னும்போது

தபாற்செலவு வாங்காத கடை அதைச் செலவழிக்காத கடை என்று அர்த்தமில்லை. அந்தத் தொகை விலைக்குள் அடங்கியிருக்கிறது, அல்லது மற்ற விற்பனைகளின் லாபத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. உலகெங்கும் இலவசமாகப் புத்தகம் அனுப்புவதையே தன் சிறப்பாகக் கொண்டு 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய புக் டெபாசிட்டரி, 2011-இல் அமேசான் வசமாகி, 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. பல தேசத்து வாசகர்களுக்கு அது பேருபகாரம் செய்தது உண்மையே. ஆயினும் அதன் விலையை மற்றக் கடைகளின் வெறும் விலையோடு ஒப்பிட்டவர்கள் தவறான முடிவுக்கும், விலையும் தபாற்செலவும் சேர்ந்த மொத்தத்தோடு ஒப்பிட்டவர்கள் சரியான முடிவுக்கும் வந்தார்கள். மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதே நியாயமான ஒப்பீடு.

இன்ன தொகைக்கு மேல் வாங்கினால் தபாற்செலவு இல்லை என்ற ஏற்பாட்டிலும் ஜாக்கிரதை தேவை. 40 ரூபாய்த் தபாற்செலவை மிச்சப்படுத்த வேண்டி 200 ரூபாய்க்குத் தேவையற்ற பொருளைச் சேர்ப்பவர், 160 ரூபாயை வீணாக்குகிறார். எப்படியும் அடுத்த மாதம் வாங்கவிருந்த பொருளைச் சேர்ப்பதோ உண்மையான சிக்கனம்.

இந்தியாவில் வாங்குவோருக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2020 ஜூலையில் வெளியான மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதில் தபாற்செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் புதுப்புதுக் கட்டணங்களைச் சேர்க்கும் உபாயம், 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களில் தடுக்கப்பட்ட ஏமாற்று முறைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

எல்லையில் சேரும் செலவுகள்

முதலாவது, சுங்கத் தீர்வை. நம் நாட்டில் இத்தீர்வை, பொருளின் விலையோடு அது இந்தியா வந்து சேர ஆகும் போக்குவரத்துச் செலவையும் காப்புறுதிச் செலவையும் சேர்த்துக் கண்ட மதிப்பின்மேல் விதிக்கப்படுகிறது. அதாவது, வெளிநாட்டுத் தபாற்செலவு அதிகமாயின் அந்தத் தபாற்செலவுக்கும் நாம் தீர்வை கட்டுகிறோம். அதன்மேல் சேரும் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியோ, மதிப்பையும் தீர்வையையும் கூட்டிய தொகையின்மீது கணக்கிடப்படுகிறது. சொந்த உபயோகத்துக்காகத் தருவிக்கும் பொருள்களுக்கான தீர்வை விகிதம் வரவுசெலவுத் திட்டங்களில் மாறிவருவதால், வாங்கும் சமயத்தில் நடப்பிலிருக்கும் விகிதத்தைச் சுங்க இலாகாவின் தளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். அச்சிட்ட புத்தகங்களுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. ஆனால் இறக்குமதியாகும் புத்தகங்களுக்கு 2019 ஜூலையில் வந்த வரவுசெலவுத் திட்டம் 5 சதவீதத் தீர்வையை ஏற்படுத்திற்று.

வெளிநாட்டிலுள்ள உறவினர் பரிசாக அனுப்பினால் தீர்வை இராது என்ற பழைய நம்பிக்கை இன்னும் பலரிடம் உள்ளது. 5,000 ரூபாய் வரையுள்ள பரிசுக்கு முன்பிருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டுமே விலக்குப் பெற்றன. பொட்டலத்தின்மேல் ஒட்டும் சி.என். 22 அல்லது சி.என். 23 என்ற சுங்கப் படிவத்தில் விலையைக் குறைத்தோ, பரிசென்றோ பொய்யாகக் குறிக்கும்படி விற்பவரை வேண்டுவது குற்றமாகும்; பொருள் தொலைந்தால் குறைத்து எழுதிய விலைக்கே நஷ்டஈடு கிடைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, நாணய மாற்றுக் கழிவு. அந்நிய நாணயத்தில் செலுத்தும்போது வங்கிகள் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை கழிவும், அந்தக் கழிவின்மேல் 18 சதவீத வரியும் வாங்குகின்றன. விற்பவரின் தளமே ரூபாயாக மாற்றிக் காட்டினால், அந்த மாற்றுவிகிதத்தை வங்கியின் விகிதத்தோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

மூன்றாவது, விடுவிப்புக் கட்டணம். தபாலில் வந்தால் சுங்கத் தொகையைத் தபால்காரர் வாசலில் வாங்கிக்கொள்வார். அதோடு தபால் இலாகாவின் கட்டணம் சிறிதளவே சேரும். கூரியர் நிறுவனமோ நமக்காகத் தீர்வையை முன்கூட்டிச் செலுத்திவிட்டு, அந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் விதிக்கிறது. மலிவான பொருளாயின் இக்கட்டணம் தீர்வையையே மிஞ்சிவிடுவதுண்டு. அடையாளச் சான்றின் பிரதியையும் அது கேட்கும். கொடுக்கத் தாமதித்தால் பொருளும் தாமதிக்கும். தீர்வையைத் தாமே முன்செலுத்தி அனுப்பும் விற்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகையோரிடம் முதலில் காணும் தொகையே இறுதித் தொகையாதலால், சிறிது கூடுதலானாலும் அது நிம்மதிக்குரிய ஏற்பாடு.

ஒரு கணக்கு

மேற்சொன்னவற்றை ஓர் உத்தேசக் கணக்கால் தெளிவாக்குவோம். 700 கிராம் எடையுள்ள ஒரு நூல், உள்நாட்டுக் கடையில் 1,400 ரூபாய்; வெளிநாட்டுக் கடையில் ரூபாய்க் கணக்கில் 900. இதுவரை பார்த்தால் வெளிநாட்டுக் கடை 500 ரூபாய் மலிவு.

இப்போது தபாற்செலவைச் சேர்ப்போம். உள்நாட்டில் 70 ரூபாய், ஆக 1,470. வெளிநாட்டிலிருந்து 450 ரூபாய், ஆக 1,350. அனுகூலம் 120 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

மிகுதிச் செலவுகளையும் சேர்ப்போம். 1,350 ரூபாய்க்கு 3.5 சதவீத வங்கிக் கழிவும் அதன் வரியும் சேர்ந்து 56 ரூபாய். 5 சதவீதத் தீர்வையும் அதன்மேல் பத்தில் ஒரு பங்கு மிகைவரியும் என்று கொண்டால் 74 ரூபாய். அடக்க விலை 1,480. உள்நாட்டில் வாங்குவதே 10 ரூபாய் லாபம். நாட்கள் குறைவு, கவலையும் குறைவு.

ஆனால் இதே விலையுள்ள மூன்று நூல்களை ஒன்றாகத் தருவிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுத் தபாற்செலவு மும்மடங்காகாமல் 750 ரூபாயில் நின்றால், 2,700-ம் 750-ம் சேர்ந்து 3,450. வங்கிக் கழிவு 142, தீர்வை 190. அடக்க விலை 3,782. உள்நாட்டுக் கடை தபாற்செலவே வாங்காமல் அனுப்பினாலும் 4,200 ரூபாய் ஆகும். முடிவு அடியோடு மாறிவிட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து வாங்குவதாயின், தேவைகளைக் குறித்துவைத்து, சேர்ந்த பிறகு ஒரே ஆர்டராக வாங்குவதே உத்தமம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நண்பர் இருவர் மூவர் சேர்ந்து வாங்குவதற்கும் இந்த நியாயமே பொருந்தும்.

அயல்நாட்டுத் தமிழர் இங்கிருந்து வாங்கும்போது

சென்னைப் பதிப்பகங்களிலிருந்து தமிழ் நூல் தருவிக்கும் லண்டன், சிட்னி, சிங்கப்பூர் வாசகர்களுக்கும் முறை இதுவே. எல்லையின் விதிகள்தாம் வேறு. பிரிட்டனில் 135 பவுன் வரையுள்ள சரக்குக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியை விற்பவரே வசூலிக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. அச்சிட்ட நூல்களுக்கு அவ்வரி விகிதம் பூஜ்யமாதலால் தமிழ்ப் புத்தகம் வாங்குவோருக்கு அது சுமையன்று. ஆனால் வேறு சாமான்களுக்கு வரி வாசலில் வசூலாகும் நிலை வந்தால், ராயல் மெயில் தன் பங்குக்கு 8 பவுன் கையாள்கட்டணம் சேர்க்கும். ஆஸ்திரேலியாவில் 1,000 டாலர் வரையுள்ள சரக்குக்கு 10 சதவீதமும், சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையுள்ளதற்கு 9 சதவீதமும், அந்நாட்டில் பதிவுசெய்துகொண்ட விற்பனையாளர்கள் பில்லிலேயே சேர்த்து வாங்குகிறார்கள். மலேசியாவில் 500 ரிங்கிட் வரையுள்ளதற்கு 10 சதவீத வரி 2024 ஜனவரியில் வந்தது.

அமெரிக்காவில் 800 டாலர் வரை தீர்வையின்றி நுழைந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்தப்பட்டது. அதையொட்டி நம் தபால் இலாகா அந்நாட்டுக்கான பொட்டலங்களை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலும் நிறுத்திவைத்து, அக்டோபர் 15-இல் மீண்டும் ஏற்கத் தொடங்கிற்று. சென்ற ஆண்டின் அனுபவத்தைக் கொண்டு இவ்வாண்டின் செலவை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இது தக்க உதாரணம்.

காலமும் பத்திரமும்

மிகக் குறைந்த கட்டணத்தில் வரும் பொட்டலம் பெரும்பாலும் பதிவெண் இல்லாதது. அது தொலைந்தால் தேடுவதற்கு வழியில்லை. பதிவெண்ணுள்ள சர்வதேசத் தபாலுக்கு இரண்டு எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், பிறகு அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என்ற பதின்மூன்று குறிகள் இருக்கும்; பொருள் இந்தியா வந்த பின் அதே எண்ணை நம் தபால் இலாகாவின் தளத்தில் இட்டு விவரம் அறியலாம். 200 ரூபாய்ப் பொருளுக்கு இந்த வசதி தேவையில்லை என்று விட்டுவிடலாம். 5,000 ரூபாய்ப் பொருளுக்கு அதை விடுவது சிக்கனமாகாது.

திருப்பி அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவையும் முன்னதாக யோசிக்க வேண்டும். உள்நாட்டில் பல கடைகள் தம் செலவிலேயே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. வெளிநாட்டுக்குத் திருப்புவதாயின் செலவு பெரும்பாலும் நம்முடையது. கட்டிய தீர்வையைத் திரும்பப் பெறுவதும் நீண்ட பிரயாசை. அளவு பொருந்தாமற்போகக் கூடிய ஆடை, காலணி, பழுதுபார்ப்பு தேவைப்படக் கூடிய மின்கருவி ஆகியவற்றில் விலை வித்தியாசம் கணிசமாக இருந்தாலன்றி வெளிநாட்டை நாடாதிருப்பது நல்லது. புத்தகத்துக்கு இந்த அச்சம் குறைவு.

பணம் செலுத்துமுன் செய்ய வேண்டியவை

1. பொருளின் எடையையும், பெரிய பெட்டியாயின் அதன் அளவுகளையும் விற்பவரிடம் கேட்டறிக.
2. உங்கள் பின்கோட்டை இட்டு, தபாற்செலவைக் கடைசிப் பக்கத்தில் கண்டு குறித்துக்கொள்க.
3. தபாலா, கூரியரா, பதிவெண் உண்டா, தீர்வை முன்செலுத்தப்பட்டதா என்று பார்க்க.
4. வெளிநாடாயின் விலையோடு தபாற்செலவையும் கூட்டி, அம்மொத்தத்துக்கே தீர்வையையும் வங்கிக் கழிவையும் கணக்கிடுக.
5. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கான அனுமதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்க.
6. ஒரு பொருளுக்குக் கண்ட கணக்கை, சேர்த்து வாங்கக் கூடிய பொருள்களுக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்க.
7. இரண்டு அடக்க விலைகளையும் ஒரே தாளில் எழுதி, வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாயின் உள்நாட்டிலேயே வாங்குக.

இந்தக் கடைசி விதி எங்கள் அபிப்பிராயமேயன்றிச் சட்டமன்று. அந்தச் சிறு வித்தியாசத்தை நாணய மாற்றின் ஏற்றத்தாழ்வே விழுங்கிவிடக் கூடும் என்பதால் இதைச் சொல்கிறோம். இந்தியாவில் பதிப்பே இல்லாத நூல், இங்கே கிடைக்காத கருவியின் உதிரிப் பாகம் முதலியவற்றுக்கு ஒப்பீடென்பதே எழவில்லை. அவற்றைத் தருவிப்பது அவசியமெனில் தருவிக்கத்தான் வேண்டும். அங்கும் அடக்க விலையை முன்கூட்டி அறிந்தவர் தம் வருமானத்துக்குத் தக்கவாறு தீர்மானிப்பார். அறியாதவரோ, பொருள் சுங்கத்தில் நிற்கும்போது, வேறு வழியின்றிக் கேட்ட தொகையைக் கட்டுவார். மேற்சொன்ன கணக்கைப் போடப் பத்து நிமிஷம் போதும். அதைப் பணம் செலுத்துவதற்கு முன்னால் செலவிடுவதில்தான் அதன் பிரயோஜனம் இருக்கிறது.